குழாய் அடைத்துக்கொண்டால்...

கோலம் போடவும், தையல் வேலை செய்யவும், விருந்தினரை உபசரிக்கவும் நாம் கற்றுக்கொள்கிறோம். ஆனால் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டால் உடனே ஆள் தேடி ஓடுகிறோம். எந்த அடைப்பை நாமே நீக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு மாணவியும் அறிந்திருப்பது அவசியமாகும்.

அடைப்பு எதனால்?

சமையலறைக் குழாயை அடைப்பவை எண்ணெய், நெய், இட்லி மாவு, காப்பித் தூள், தேங்காய் நார் முதலியன. குளியலறைக் குழாயை அடைப்பவை தலைமுடி, சீயக்காய்த் தூள், சோப்பு ஆகியன. எண்ணெய்ப் பிசுக்கு குழாயின் உட்புறத்தில் படிந்து, பின்னால் வரும் பொருள்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2017-ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் பகுதியில், பாதாளச் சாக்கடைக்குள் கொழுப்பும் குப்பையும் சேர்ந்து பாறைபோல் இறுகியிருந்தன. அதன் நீளம் சுமார் 250 மீட்டர். எடை சுமார் 130 டன். வீடுகளிலும் கடைகளிலும் சிறுகச் சிறுக ஊற்றிய எண்ணெயே இவ்வளவும் செய்தது!

அடைப்பு எங்கே?

நோய் இன்னதென்று அறிந்த பிறகே மருத்துவர் மருந்து தருவார். நாமும் அவ்வாறே செய்ய வேண்டும்.

1. ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால், அதன் கீழுள்ள வளைவில் அடைப்பு இருக்கும். 'டிராப்' எனப்படும் இவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி, துர்நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இத்தகைய வளைவுடன் கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார்.

2. சமையலறை, குளியலறை இரண்டிலும் நின்றால், வெளியே உள்ள சேம்பரின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அது காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிரம்பியிருந்தால் சேம்பருக்கு அப்பால்.

3. கழிப்பறையிலும் நீர் ஏறி நின்றால், செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம். பெருமழையில் நிலம் நீரை ஏற்காதபோதும் இப்படி நேரும். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 செ.மீ. மழை பெய்ததை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளையில் வெள்ளம் வடியும்வரை தண்ணீர்ச் செலவைக் குறைப்பதே வழி.

நீக்கும் முறை

கையுறை அணிந்து, தொட்டியின் கீழே ஒரு வாளியை வைத்து, டிராப்பின் மூடியைக் கையால் திருகிக் கழற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். குளியலறையில் சல்லடையை எடுத்துவிட்டு முடியை அகற்றலாம். பிசுக்குக்குக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் போதும், கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கிவிடும். ரப்பர் பம்பு கொண்டு அழுத்துவதானால், ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும். அருகிலுள்ள மற்றத் துளைகளை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். சேம்பருக்கு முன்னுள்ள அடைப்புக்கு மூங்கில் பிளாச்சு உதவும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

நம் எல்லை

சேலையூரில் செப்டிக் டேங்க் உள்ள வீடுகள் பல. அதற்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு தேங்கியிருக்கும். அது மிகுதியானால் நாசியின் முகரும் ஆற்றலையே அழித்துவிடும். ஆபத்து தெரியுமுன் மனிதர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் மாண்டுபோவதுண்டு. பாதுகாப்புக் கவசமின்றி ஒருவரை இதற்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சாக்கடைப் பணியில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஒரு குழந்தைக்கு அதன் தந்தை திரும்பி வருவாரா?

ஆகவே தோழியரே, செப்டிக் டேங்க் நிரம்பினால் கழிவு உறிஞ்சும் லாரியை அழைக்கும்படி வீட்டில் சொல்வோம். "ஓர் ஆளை இறக்கினால் செலவு குறையும்" என்று யாரேனும் கூறினால், "வேண்டாம்" என்று துணிந்து மறுப்போம். மீந்த எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் சேர்ப்போம். துளைதோறும் சல்லடை வைப்போம். இவற்றைச் செய்தால் பாதி அடைப்பு வராமலே போகும்.