தவணைக்கு மனை: ரசீதில் சர்வே எண் இருக்கிறதா?

கேள்வி: ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம் 60 மாதத் திட்டத்தில் சேர்ந்து, இரண்டு வருடமாகக் கட்டி வருகிறேன். முடிவில் மனை தருவார்களாம். வேண்டாம் என்றால் கூடுதல் தொகையோடு பணமாகத் தருவார்களாம். சேர்த்துவிட்ட ஏஜென்ட் எங்கள் சொந்தக்காரர். தொடர்ந்து கட்டலாமா?
- வாசகர், வன்னியம்பட்டி

பதில்: இதுவரை 48,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அடுத்த தவணைக்கு முன்பு ரசீதையும் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். சர்வே எண், மனை எண், நான்கெல்லை இவற்றில் எதுவும் இல்லை என்றால் நீங்கள் நிலம் வாங்கவில்லை. ஈடு எதுவும் பெறாமல் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்து வருகிறீர்கள். 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், சொத்து வாங்கக் கொடுக்கும் முன்பணத்தை வைப்புத்தொகையாகக் கருதுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் குறித்த சொத்தின் விலையில் அந்தப் பணம் கழிக்கப்பட வேண்டும். சொத்தே குறிக்கப்படாதபோது எதன் விலையில் கழிப்பார்கள்? ‘மனை, இல்லையென்றால் பணம்’ என்ற பேச்சே இதை வைப்புத் திட்டமாகக் காட்டுகிறது.

‘நிறுவனம் பதிவானது, சொந்தமாக நிறைய நிலம் இருக்கிறது’ என்று ஏஜென்ட் சொல்வார். பி.ஏ.சி.எல். நிறுவனமும் பதிவானதுதான், அதனிடமும் நாடெங்கும் நிலம் இருந்தது. தவணையில் விவசாய நிலம் என்று சொல்லி ஏறக்குறைய 5.85 கோடிப் பேரிடம் அது வசூலித்த 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி 2014 ஆகஸ்டில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவிட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நிலங்களை விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. சிறு தொகை கட்டியவர்களில் தொடங்கிப் படிப்படியாகத்தான் பணம் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் பெயரில் நிலம் இருப்பது வேறு, உங்கள் பெயரில் இருப்பது வேறு. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் தராது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். சொந்தக்காரர் மனதறிந்து ஏமாற்றாமல் இருக்கலாம். அவர் நல்லவர் என்பதற்காக நிறுவனத்தின் கணக்கு சரியாகிவிடாது.

அப்படியானால் தவணையில் மனை வாங்குவதே தப்பா? இல்லவே இல்லை. மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத குடும்பங்களுக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்: எந்த மனை என்று முதல் நாளே தெரிய வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான (ரெரா) பதிவு எண், வில்லங்கச் சான்று மூன்றையும் கேளுங்கள். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனம் முன்பணம் வாங்க வேண்டுமானால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: மனையைக் குறித்துக் காட்டுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மனை குறிக்கப்பட்டு, ஒப்பந்தப்படி அதை ஒப்படைக்காவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் 18-ஆம் பிரிவின் கீழ் வட்டியோடு பணம் கேட்கலாம். மனையே இல்லை என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்க முடியும். அதற்கான தனி நீதிமன்றம் மதுரையில் இருக்கிறது. முடக்குவதற்குள் சொத்துகள் கைமாறிவிடலாம் என்பதால் நாள் கடத்தாதீர்கள். ‘புது பாண்ட் தருகிறோம், பழையதைக் கொடுங்கள்’ என்று யார் வந்து கேட்டாலும் மூல ரசீதுகளைக் கொடுத்துவிடாதீர்கள்.