கல்லில் உருவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சிதறால் மலை உள்ளது. அதன் பாறையில் 9ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களை இன்றும் காணலாம். அதே மாவட்டத்தைச் சேர்ந்த மயிலாடியில் கற்சிற்பம் செதுக்குவது இன்றும் பலருக்குத் தொழிலாகும்.

மண்ணில் உருவம் செய்பவர் தவறினால், மேலும் சிறிது மண்ணை அப்பிச் சரிசெய்யலாம். கருங்கல்லில் அது இயலாது. கன்னியாகுமரிக் கடற்பாறையில் 2000ஆம் ஆண்டு சனவரி 1 அன்று திறக்கப்பட்ட, 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலை பல கற்களை அடுக்கி எழுப்பப்பட்டது. அத்தகைய பணியில் ஒரு கல் பழுதானால் வேறொன்றைச் செதுக்கிக்கொள்ளலாம். ஒரே கல்லாலான சிலைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஆகவே சிற்பி முதலில் கல்லைத் தட்டிப் பார்க்கிறார். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் உள்ள கல்லின் ஒலி மங்கியிருக்கும். பின்னர்க் கல்லின் முகப்பைச் சமமாக்கி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைகிறார். உறுப்புகளின் அளவுகள் யாவும் அக்கோட்டிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. முகத்தின் நீளம் ஒரு தாலம் எனப்படும். நவதாலச் சிலையின் உயரம் அத்தகைய ஒன்பது முக நீளமாகும்.

கோடு வரைந்ததோடு பணி முடிவதில்லை. உளி பட்டவுடன் கோடும் சில்லோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். ஒவ்வொரு படலமாகக் கல்லைக் களையும்போதும், புதிய பரப்பில் மீண்டும் அளந்து வரைய வேண்டும். உளியின் முனையும் விரைவில் மழுங்கும். அதனை உலையிலிட்டுக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நீரில் தோய்ப்பர். முனை மிகையாக இறுகினால் ஒடியும், இறுகாவிடில் வளையும். உளியைக் காய்ச்சத் தெரிவதே பாதித் தொழில் எனலாம்.

மிகுந்த கவனம் வேண்டுவது மூக்கு. முகத்தில் அதுவே முன்னே நிற்பது. அதன் நுனி சிறிது உடைந்தாலும், கன்னம், நெற்றி, வாய் அனைத்தையும் உள்நோக்கிச் செதுக்க நேரிடும். அப்போது முகமும் உடலும் ஒன்றுக்கொன்று பொருந்தா. எனவே மூக்கிலும் விரல்களிலும் தேவைக்கு மேற்பட்ட கல்லை நெடுநாள் விட்டுவைப்பர்.

இக்காலத்தில் வேண்டாத கல்லை வெட்டி நீக்க மின்கருவிகள் வந்துவிட்டன. வேலை விரைகிறது, தூசியும் பெருகிவிட்டது. ஆயினும் நுண்ணிய உறுப்புகளுக்குச் சிறிய உளியையே சிற்பிகள் நாடுகின்றனர். கோயில் சிலையாயின், எல்லாம் முடிந்த பின்னரே கண் திறக்கப்படும். பல நாள் உழைப்பு முழுவதும் அச்சில மெல்லிய தட்டல்களில் அடங்கியிருக்கும்.

சொற்பொருள்: சில்லு – சிறு துண்டு, படலம் – மெல்லிய அடுக்கு, உலை – கொல்லரின் நெருப்புக்குழி.

சிந்தித்து எழுதுக: சிலையின் மூக்கை முதலிலேயே முழுமையாகச் செதுக்கிவிட்டால் என்ன நேரிடலாம்?