மறுபடியும் தோட்டத்துக்கா?

அன்பு மகளுக்கு,

ஈப்போவிலிருந்து சித்தப்பா எழுதுவது. தொலைபேசிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு செம்பனைக் கம்பெனிக்குப் போகிறாய் என்று அண்ணி சொன்னார். "இவ பாட்டி ரப்பர்ப் பால் வெட்டுன தோட்டத்த விட்டு வெளிய வர நாங்க பட்ட பாடு! இவ படிச்சுட்டு மறுபடியும் தோட்டத்துக்கா?" என்று ஒரே புலம்பல். அண்ணியை நான் பார்த்துக்கொள்கிறேன். தொழில் மாறுகிறவர்கள் எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன்.

தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனை எடுத்துக்கொள். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். 1964-இல் ஹார்வர்டில் எம்பிஏ முடித்தார். பெட்ரோலிய எண்ணெய் வணிகத்தில் காசு பார்த்தார். பிறகு லாட்டரி நம்பர் கடை, மின்நிலையம், கைபேசிக்கு மேக்சிஸ், தொலைக்காட்சிக்கு அஸ்ட்ரோ, செயற்கைக்கோள் என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் கைக்கு வந்த தஞ்சோங் கம்பெனி 1926-இல் வெள்ளீயம் தோண்டுவதற்காக இங்கிலாந்தில் பதிவானது. அந்தப் பழைய பெயரின் கீழேயே பிற்பாடு மின்சாரமும் சினிமாக் கொட்டகையும் நடந்தன. கண்டதிலும் கை வைத்தார் என்பார்கள். எனக்கு அவர் செய்தது ஒரே தொழிலாகத்தான் படுகிறது. அரசாங்க லைசென்ஸ் வேண்டும், முதலில் பெரும்பணம் கொட்ட வேண்டும், அப்புறம் லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து சின்னச் சின்னத் தொகை விடாமல் வந்து சேர வேண்டும். மின்நிலையத்துக்கு மின்வாரியம் கட்டும், மின்வாரியத்துக்கு நாம் கட்டுவோம். அவ்வளவுதான் கணக்கு. அப்போது பிரதமராக இருந்த மகாதீரின் நட்பும் இருந்தது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. அதே கணக்கைத் தூக்கிக்கொண்டு 2006-இல் இந்தியாவுக்குப் போய் ஏர்செல் கைபேசிக் கம்பெனியை வாங்கினார். அங்கே லைசென்ஸ் வழக்காயிற்று, விலைப்போட்டி கழுத்தை நெரித்தது, 2018-இல் ஏர்செல் திவால் மனு போட்டது. சூத்திரம் கையில் இருந்தும் ஊர் வேறாகிவிட்டது.

இதையும் பார். நம் ஊரில் எஸ்.பி. சீனிவாசகம் சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் கேஎல்கே, 1906-இல் ரப்பர் கம்பெனியாகத் தொடங்கியது. ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. செம்பனை எண்ணெயிலிருந்து சோப்புக்கும் மற்றதற்குமான ரசாயனம் செய்ய ஆரம்பித்தார்கள், அது நிலைத்தது. 1996-இல் கிராப்ட்ரீ அண்ட் எவ்லின் என்ற வாசனைச் சோப்புக் கடைகளையும் வாங்கினார்கள். சுமார் இருபது வருஷம் வைத்திருந்து விற்றுவிட்டார்கள். எண்ணெயை அறிந்தவனுக்கு ரசாயனம் பக்கத்து வீடு. லண்டனில் ஒரு பெண்மணி எந்த வாசனைக்குப் பர்ஸைத் திறப்பாள் என்பது வேறு படிப்பு. இது என் அபிப்பிராயம்தான், அவர்கள் சொன்னதில்லை.

இனி உன் விஷயம். பாட்டி தோளில் வாளி தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்கு வருவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கணக்கெழுதும் கிராணி முதலில் பாலை நிறுப்பார். பிறகு ஒரு கிண்ணம் எடுத்துத் தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மெட்ரோலாக்கை மிதக்கவிடுவார். அந்தக் கண்ணாடிக் குச்சி எந்தக் கோட்டில் நிற்கிறதோ, பாலில் எவ்வளவு ரப்பர் என்பது அதுதான். கூலியும் அதை ஒட்டித்தான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் குச்சி நிற்கும் இடத்தைக் கிராணி வாய் திறப்பதற்கு முன் சொல்லிவிடுவார். தோட்டத்தில் பெரிய துரைக்குத் தெரிந்ததைவிட அந்த ஸ்டோர் வாசலில் நின்றவர்களுக்குத் தொழில் தெரியும்.

செம்பனைக்கு அந்த இடம் ஆலையின் எடைமேடை. லாரி ஏறும், குலை இறங்கும், தரம் பார்ப்பவர் காயையும் அழுகலையும் ஒதுக்குவார். நூறு கிலோ குலைக்கு எண்ணெய் இருபது கிலோவை ஒட்டி வந்தால் ஆலை மூச்சுவிடும். பழம் அடிபட்டாலோ, வெட்டி ஒரு நாளுக்கு மேல் கிடந்தாலோ எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். மழையில் லாரி சேற்றில் சிக்கினால் அது தலைமையகத்துக் கணக்கில் மாதக் கடைசியில்தான் தெரியும். எடைமேடையில் அன்றைக்கே தெரியும். உன் பழைய கம்பெனியில் வாடிக்கையாளர் ஏன் சிம்மை மாற்றுகிறார் என்று தோண்டித் துருவினாயே, அந்தத் துருவல்தான் நீ கொண்டுபோக வேண்டியது. ஸ்லைடு போடுவதை அங்கே விட்டுவிட்டு வா.

குலை வெட்டுகிறவர்கள் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசிகள். தோட்டத்து லயத்து வீடுகளில் நம்மவர்கள் இருந்த காலம் போய்விட்டது. இன்று வெட்டுகிறவர்களின் குடியிருப்பையும் ஒருமுறை போய்ப் பார். நம் குடும்பத்துப் பிள்ளை அதைப் பார்க்காமல் உற்பத்தி அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது.

வேலைக் கடிதத்தில் "கார்ப்பரேட் வியூகம், ஈப்போ" என்று போட்டிருக்கிறதாமே. சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதே, முதல் மூன்று மாதம் ஆலையில் இருக்க வேண்டும் என்று கேள். மறுத்தால் ஏன் என்று கேள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு வாட்ஸ்அப்பில் போடு, அப்புறம் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
சித்தப்பா