ஒலிப்பேழையும் புலவர் பெயரும்

சென்ற பருவத்தில் இளங்கலை முதலாண்டு மாணாக்கர்க்கு எளியதொரு பயிற்சி தந்தோம். கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் பாடல்களுள் தமக்கு உகந்த ஒன்றைத் தேர்ந்து, இயற்றியவர் பெயரோடு அதன் நயத்தை எழுதி வருமாறு கூறினோம். பெரும்பாலோர் பாடியவரையே இயற்றியவராக எழுதி வந்தனர். நாகூர் இ.எம். ஹனீபா பாடிய பாடலைத் தேர்ந்த மாணவர் ஒருவர், ஹனீபாவின் கவித்திறத்தைப் போற்றி இரண்டு பக்கம் வரைந்திருந்தார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோது அதில் பாடகர் பெயரன்றி வேறு பெயர் எதுவும் காணப்படவில்லை.

இசையை மக்கள் வாங்கும் முறையும் சேர்க்கும் முறையும் மாறுந்தோறும், இசையோடு சேர்ந்து வரும் செய்திகளும் மாறுகின்றன. அவற்றுள் முதலில் உதிர்வது புலவர் பெயரே என்பது நம் கருத்து.

பாட்டை விலைக்கு வாங்கும் வழக்கமே இல்லாத காலத்தில் இவ்விழப்பு நேராதவாறு முன்னோர் ஒரு வழி கண்டிருந்தனர். பாட்டுக்குள்ளேயே தம் பெயரைப் பொதிந்து வைத்தனர். முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் 'குருகுக' என்னும் முத்திரை வருவதை இசையறிந்தோர் அறிவர். கோபாலகிருஷ்ண பாரதியாரும் தம் பெயரை முத்திரையாக வைத்தவரே. உருதுக் கஜலின் இறுதி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரை அமைப்பது மரபு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வாழ் மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இங்கு முஷாயிரா கேட்டு வளர்ந்த முதியோர் அவ்வடிக்காகவே காத்திருப்பர். கஜலைத் தமிழுக்குக் கொணர்ந்த கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. ஏடும் அச்சும் இல்லாவிடினும், பாட்டு நாவில் இருக்கும் வரை பெயரும் நாவில் இருந்தது.

இந்தியாவில் இசைத்தட்டுக் காலம் 1902-இல் தொடங்கியது. அவ்வாண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்கள் பதிவாயின. பாடி முடித்ததும் அவர் ஆங்கிலத்தில் உரக்கத் தம் பெயரைச் சொல்வார். அது செருக்கன்று. பதிவு கடல்கடந்து செருமனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாக வார்க்கப்பட வேண்டும். அங்குள்ள தொழிலாளர்க்கு யார் பாடியது என்பது தெரிய வேண்டும். பெயரைக் காக்கக் குரலே முன்வந்தது. பின்னர் அவ்வேலையைத் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாள் ஏற்றது. பக்கத்துக்கு மூன்று நான்கு மணித்துளியே ஓடும் அத்தட்டைச் செல்வர் சிலரே வாங்கினர்.

எளியோர் வீட்டுக்கு இசையைக் கொணர்ந்தது ஒலிப்பேழை, அதாவது நாம் கேசட் என்று வழங்குவது. பிலிப்ஸ் நிறுவனம் இதனை 1963-இல் வெளியிட்டது. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் கையில் டேப் ரெக்கார்டர் தவறாது வந்த காலம் ஒன்றுண்டு. நம் இல்லத்தில் தந்தையார், தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, மாலையில் ஹனீபாவை ஒரு பக்கமும் கவாலியை மறு பக்கமும் கேட்பார். பேழைக்குள் மடித்து வைத்த அட்டையே நாம் முதன்முதலில் படித்த இலக்கிய வரலாறு எனலாம். நாகூர் சலீம், புலவர் ஆபிதீன், கிளியனூர் அப்துல் சலாம் முதலியோர் பெயர்களை நாம் அறிந்தது பாடநூலால் அன்று, அத்தகைய அட்டைகளாலேயே.

எனினும் பழியனைத்தையும் கணினியின்மேல் சுமத்துதல் முறையன்று. கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் இருந்த நாளிலேயே இழப்பு தொடங்கிவிட்டது. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுப் பேழையில் பதிந்து தருவர். அதனோடு அட்டை வாராது.

எம்.பி.3 கோப்பு பரவியபோது நேர்ந்தது வியப்பிற்குரியது. பாடலின் விவரங்களைக் கோப்பின் கடைசியில் பொதிந்து வைக்கும் முறை 1996-இல் உருவாயிற்று. ஐ.டி.3 எனப்படும் அதன் மொத்த அளவு 128 பைட்டுகள். தலைப்புக்கு 30, கலைஞர்க்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு ஒன்று. பாட்டை எழுதியவர்க்கென ஓர் இடமும் இல்லை! தமிழெழுத்தை இடுதற்கும் அதில் வழியில்லை. 1998-இல் வந்த அடுத்த வடிவில் பாடலாசிரியர்க்கெனத் தனியிடம் அமைக்கப்பட்டது. ஆயினும் அதனை நிரப்புவார் இலர்.

அக்கோப்புகளை முறையாக விலைகொடுத்து வாங்கும் பழக்கம் நம் நாட்டில் வேரூன்றவில்லை. பிளிப்கார்ட் நிறுவனம் 2012-இல் தொடங்கிய 'பிளைட்' என்னும் பாடல் விற்பனையை 2013-லேயே மூடியது. மக்களோ கைப்பேசிக் கடையில் சில ரூபாய் கொடுத்து நினைவட்டை நிறையப் பாடல் ஏற்றிக்கொண்டனர். இன்று பாட்டை வாங்குவாரும் அருகி, மாதக் கட்டணம் செலுத்தியோ விளம்பரத்தைப் பொறுத்தோ கேட்பாரே மிகுந்துள்ளனர். இஃது உடைமையன்று, வாடகைக் குடியிருப்புப் போன்றது. 2024-இல் ஏர்டெல் நிறுவனத்தின் 'விங்க்' மூடப்பட்டமை இதற்குச் சான்று.

புலவர் பெயர் வெறும் சிறப்புக்குரியது மட்டுமன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பு தம்முடையதெனக் கூறும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகின்றது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒலிப்பதிவில் இடம்பெறும் பாடலை இயற்றியவர்க்கு உரிமைத்தொகையில் சம பங்கு அளிக்கின்றது. அதனைத் தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறர்க்கு அவர் எழுதிக் கொடுக்கவும் இயலாது. பெயரே தெரியாதவர்க்கு எத்தொகை போய்ச் சேரும்? அதே சட்டத்தின் 52-அ பிரிவு ஒலிப்பதிவில் அச்சிட வேண்டியவற்றைக் கூறுமிடத்துப் பதிவு செய்தவர், அதன் உரிமையாளர், ஆண்டு ஆகியவற்றையே கூறுகின்றது. புலவரைத் தனியே குறிப்பிடவில்லை.

இவ்வளவும் எழுதும் நாம் குற்றமற்றவர் அல்லோம். தந்தையார் மறைந்தபின் அவருடைய பேழைகளை ஒரு கடையில் கொடுத்து நினைவட்டைக்கு மாற்றினோம். இடம் அடைக்கின்றது என்று பேழைகளை அட்டைகளோடு பழைய பொருள் வண்டிக்காரரிடம் போட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்து திறந்தால் 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்றே வரிசை இருந்தது. பல பாடல்களின் ஆசிரியர்களைப் பெரியோரிடம் கேட்டு அறிந்துகொண்டோம். தாய்மையைப் பற்றிய ஒரு பாடல் மட்டும், பாடியவரும் அறியப்படாதவராய், எஞ்சி நிற்கின்றது. தந்தையார் அடிக்கடி முணுமுணுத்தது அதுவே.

இவ்வாண்டு முதல் நம் துறையில் ஒரு பணி மேற்கொண்டுள்ளோம். மாணாக்கர் தத்தம் வீடுகளில் எஞ்சிய பேழை அட்டைகளையும் தட்டுகளின் உறைகளையும் கொணர்கின்றனர்; பார்த்து எழுதிக்கொண்டு திருப்பித் தருகின்றோம். பாட்டின் முதலடி, இயற்றியவர், பாடியவர், வெளியிட்ட நிறுவனம் என நான்கு கட்டம் இட்ட பேரேடு ஒன்று துறை நூலகத்தில் உள்ளது. முன்னர்ச் சொன்ன மாணவரே அதனை எழுதி வருகின்றார். பேரணாம்பட்டிலிருந்தும் மேல்விசாரத்திலிருந்தும் அட்டைகள் வந்துள்ளன. சிலவற்றில் மை அழிந்து பாதிப் பெயரே தெரிகின்றது. அவற்றைத் தெரிந்தவாறே எழுதிப் புள்ளியிட்டு வைக்கின்றோம். இம்மலரைக் காணும் பெரியோர் தம் பரணில் உள்ள பெட்டியை வண்டிக்காரரிடம் இடுமுன் ஒருமுறை திறந்து பார்த்து, அட்டைகளை மட்டுமேனும் துறைக்கு அனுப்பி உதவ வேண்டுகின்றோம். தாயைப் பற்றிய அப்பாடலுக்குப் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரிசை விட்டு வைத்துள்ளோம்.