பள்ளியில் பட்டப்பெயர்: பிள்ளையைத் தண்டிப்பதா, சொல்லைத் திருத்துவதா?



சென்ற கல்வியாண்டில் நம் பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படிக்கும் நம் பிள்ளை ஒருவனை உடன் படிக்கும் மாணவன் ‘பாகிஸ்தான்காரன்’ என்று அழைத்து வந்தான். இது ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. பிள்ளை வீட்டில் எதுவும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்பான். மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வரவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் அவன் அம்மா மெல்ல விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் அவன் அத்தா அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவர் கோபம் எங்களையும் தொற்றிக்கொண்டது. ஐந்து பேராகப் பள்ளிக்குப் போனோம். அந்த மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டோம்.

தலைமை ஆசிரியை எங்களை உட்காரவைத்து, நாங்கள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, “டி.சி. கொடுத்துட்டா அந்த வார்த்தை போயிடுமா பாய்? வேற பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுவான்” என்றார். இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக அழைத்துப் பேசினார். அந்த வார்த்தையை எங்கே கேட்டாய் என்று முதல் பையனிடம் கேட்டார். வீட்டில் கிரிக்கெட் பார்க்கும்போது பெரியவர்கள் சொல்வார்கள் என்றான். பாகிஸ்தான் எங்கே இருக்கிறது என்றதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்து நம் பிள்ளையிடம், நீ அவனை என்ன சொல்லி அழைப்பாய் என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ‘கருவாயன்’ என்று அழைப்பதாகச் சொன்னான். பள்ளி திறந்த நாளிலிருந்தே அப்படித்தானாம்.

அவன் அத்தாவுக்கு இது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பிற்பகலில் வந்த அந்தப் பையனின் தாயார், தன் மகன் சில மாதங்களாக முகத்தில் பவுடர் அப்பாமல் பள்ளிக்குக் கிளம்புவதில்லை என்றார்.

அன்று நாங்கள் டி.சி. கேட்டது தவறு. அது ஏன் தவறு, என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதை நம் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

இது வெறும் விளையாட்டு அல்ல

‘சின்னப் பிள்ளைகள் இப்படித்தான், விட்டுவிடுங்கள்’ என்பது பல பள்ளிகளில் கிடைக்கும் பதில். இதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் 1940-களில் 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பில் இந்த ஆய்வும் எடுத்துக் காட்டப்பட்டது. பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளைகள் நிறத்துக்கு மதிப்புப் போடக் கற்றுவிடுகிறார்கள். அந்த மதிப்பைத் தம் மீதே போட்டுக்கொள்கிறார்கள் என்பதே அதிலிருந்து பெறும் பாடம். பவுடர் அப்பிய பையனும் வயிற்று வலிக்காரப் பையனும் நமக்குக் காட்டியது இதைத்தான்.

மார்க்கமும் இதைச் சிறிய விஷயமாக விடவில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் பிறரை ஏளனம் செய்வதையும், குத்திப் பேசுவதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என அர்ரூம் அத்தியாயத்தின் 22-ஆம் வசனம் சொல்கிறது. அந்த அத்தாட்சியைக் கேலிப் பொருளாக்குவதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது?

பிள்ளை குற்றவாளியும் அல்ல

மறுபக்கம், எட்டு வயதுப் பிள்ளையை ‘மதவெறியன்’, ‘நிறவெறியன்’ என்று முத்திரை குத்துவதும் சரியல்ல. 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவு. 7 முதல் 12 வயது வரை, செய்ததன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாத பிள்ளைக்கும் 21-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. நாங்கள் கேட்ட டி.சி.யைச் சட்டமே அனுமதிப்பதில்லை.

இதில் இங்கிலாந்தின் அனுபவம் நமக்குப் பயன்படும். 1993-இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் நிறவெறியர்களால் கொல்லப்பட்டார். அந்த வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த சர் வில்லியம் மெக்பர்சனின் அறிக்கை 1999-இல் வெளியானது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்றது அது. பள்ளிகளும் இத்தகைய சம்பவங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதுவரை தட்டிக்கழிக்கப்பட்ட பல பெற்றோரின் புகார்கள் எழுத்தில் ஏறின. இது பெரிய நன்மை.

ஆனால் பதிவு வேறு, தீர்ப்பு வேறு என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 2006-இல் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், பள்ளி மைதானத்தில் இன்னொரு பையனை இன இழிசொல்லாலும் ‘பின்லேடன்’ என்றும் அழைத்ததாக 10 வயதுச் சிறுவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டான். இதையெல்லாம் வழக்காகக் கொண்டு வர வேண்டுமா என்று நீதிபதியே கேட்டார். காயப்பட்ட பையனின் வேதனை பின்னுக்குப் போய், வழக்கு தேவையா என்பதே பேச்சானது. புகாரை எழுதிக்கொள்ளாமல் விடுவதால் ஒரு பிள்ளைக்கு அநீதி நடக்கிறது. எழுதியவுடன் தண்டிப்பதால் இன்னொரு பிள்ளைக்கு அநீதி நடக்கிறது. எங்கள் தலைமை ஆசிரியை நோட்டில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு இருவரையும் விசாரித்தாரே, அந்த வரிசைதான் சரி.

நபி (ஸல்) அவர்கள் திருத்திய விதம்

ஸஹீஹ் புகாரியின் ஈமான் பகுதியில் அபூதர் (ரலி) அவர்கள் தம்மைப் பற்றித் தாமே அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. அவர்கள் ஒருவரை ஏசும்போது அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அந்த ஒருவர் பிலால் (ரலி) அவர்களே என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் அபூதர் (ரலி) அவர்களிடம் நடந்ததைக் கேட்டார்கள். பிறகு, ஜாஹிலிய்யத்தின் தன்மை உம்மிடம் இருக்கிறது என்று சொன்னார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தவறைச் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஜாஹிலிய்யத் என்பதை விடக் கடுமையான சொல் ஒரு ஸஹாபிக்கு இருந்திருக்க முடியாது. அதே நேரத்தில், நீர் கெட்ட மனிதர் என்று ஒதுக்கவும் இல்லை. உம்மிடம் இருக்கும் ஒரு குறை என்று காட்டி, தம் அடியாட்களைச் சகோதரர்களாக நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அபூதர் (ரலி) அவர்களைக் கண்டவர், அவர்கள் அணிந்திருந்த அதே வகை ஆடையை அவர்களின் அடிமையும் அணிந்திருந்ததைப் பார்த்துக் காரணம் கேட்டபோதுதான் இந்தச் சம்பவமே வெளியில் வந்தது. முதிர்ந்த ஸஹாபியையே இப்படித் திருத்தினார்கள் என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எப்படித் திருத்த வேண்டும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

பெரியவர்கள் செய்தால் அது வேறு

பிள்ளைகளிடம் காட்டும் இந்தப் பொறுமையை ஆசிரியரிடம் காட்ட வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியை, முஸ்லிம் மாணவன் ஒருவனைச் சக மாணவர்களை விட்டு அறையச் சொன்ன காணொளி நாட்டையே உலுக்கியது. அறைந்தவை பிஞ்சுக் கைகள், குற்றம் பெரியவருடையது. வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில், அடி வாங்கிய மாணவனுக்கு மட்டுமின்றி, அறைந்த மாணவர்களுக்கும் மனநல ஆலோசனை வழங்க உத்தரவிட்டது.

உடல் ரீதியான தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. மதத்தையோ, நிறத்தையோ, சாதியையோ சொல்லி ஆசிரியர் பிள்ளையை இழிவுபடுத்தினால் தாமதிக்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சமுதாயப் பள்ளிகள் அச்சட்டத்துக்கு வெளியே இருக்கலாம். அல்ஹுஜுராத் வசனத்துக்கு வெளியே இல்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். சொன்ன வார்த்தை, நாள், இடம், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அப்படியே எழுதி வையுங்கள். ‘நீயும் திருப்பிச் சொல்’ என்று கற்றுக்கொடுக்காதீர்கள்.

2. நீ அவனை என்ன சொல்லி அழைப்பாய் என்பதையும் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்க வேண்டாம். ஆனால் கேட்காமல் விடவும் வேண்டாம்.

3. முதலில் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். பெற்றோர் இருவர் போனால் போதும். நாங்கள் ஐந்து பேராகப் போனது போல் போக வேண்டாம்.

4. தண்டனை கேட்காதீர்கள். புகாரைப் பதிவு செய்தீர்களா, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தீர்களா, அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் பேசினீர்களா, இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பீர்களா என்று கேளுங்கள்.

5. மீண்டும் நடந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அங்கே பேசுங்கள். நம் தாய்மார்கள் அந்தக் குழுவில் இடம்பெற முன்வர வேண்டும். அதற்கு மேலும் தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவை இருக்கின்றன.

6. எந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். இரண்டு பிள்ளைகள் பேசித் தீர்க்க வேண்டியதை அது இரண்டு தெருக்களின் சண்டையாக்கிவிடும்.

நம் வீட்டில் பேசும் சொற்கள்

அந்தப் பையன் கிரிக்கெட் பார்க்கும்போது கேட்டதைச் சொன்னான். நம் பையன் ‘கருவாயன்’ என்பதை எங்கே கேட்டான்? பெண் பார்த்துவிட்டு வந்து பெண்ணின் நிறத்தைப் பேசும் வீடுகள் நம்மிடம் இல்லையா? கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளை ‘வடக்கன்’ என்கிறோம். மக்தபில் படித்த ‘காஃபிர்’ என்ற சொல்லைப் பக்கத்து இருக்கைப் பிள்ளை மீது ஏசும் சொல்லாக எறியும் பிள்ளைகள் உண்டு. உஸ்தாதுமார்கள் இதைக் கவனித்துத் திருத்த வேண்டுகிறோம். நமக்குள்ளேயே தொழிலையும் குடும்பத்தையும் சொல்லி இழிவாகப் பேசுவது இன்னும் ஓயவில்லை.

தலைமை ஆசிரியை எங்களை ‘பாய்’ என்று அழைத்தது மரியாதை. அதே சொல்லை வேறு குரலில் சொன்னால் அது ஏளனம். பிள்ளைகள் சொல்லை மட்டுமல்ல, நம் குரலையும் சேர்த்தே கற்கிறார்கள்.

இந்த வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் பிள்ளைகளை உட்காரவைத்து, பள்ளியில் உன்னை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், நீ யாரை என்ன பெயர் சொல்லி அழைக்கிறாய் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பதில் எதுவானாலும் அன்று திட்ட வேண்டாம்.

அந்த இரண்டு பையன்களும் இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறார்கள். உயிர் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். காலையில் வயிற்று வலி இல்லை.

நம் பிள்ளைகளின் நாவுகளையும் நம் நாவுகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்