எது முதலில், எது பிறகு? வீடு திரும்பியோருக்கான வேலைக் கொப்பி

சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் நாளே நூறு வேலைகள் கண்ணில் படும். பற்றை மூடிய வளவு, கூரையில்லாத வீடு, குப்பை நிறைந்த கிணறு, தொலைந்துபோன அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். எல்லாவற்றையும் மனதில் சுமந்தால் இரவில் நித்திரை வராது, பகலில் ஒன்றும் முடியாது. கொப்பி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டார் எல்லோரும் கூடியிருந்து, நினைவுக்கு வரும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். ஒழுங்கு பார்க்க வேண்டாம். முதியவர்களையும் கேளுங்கள், பழைய எல்லைக் கல் எங்கே இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி: இதைத் தொடங்குமுன் வேறு எது முடிந்திருக்க வேண்டும்?

கிணற்றை எடுத்துப் பாருங்கள். "கிணறு துப்புரவாக்கல்" என்று ஒரே வரியில் எழுதினால் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உண்மையில் அது ஐந்தாறு வேலைகள். கிணற்றுக்குள் வெடிபொருள் இருக்கக்கூடும். ஆகையால் கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்து முடிக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. அதன் பின்னரே நீர் இறைக்கும் இயந்திரம் இரவல் கேட்பது, எண்ணெய் வாங்குவது, சேறு அள்ளுவது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது, குளோரின் இடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்பது எல்லாம். இன்று உங்களால் முடிவது ஒன்றே: கிராம அலுவலரிடம் போய் அறிவிப்பது. இன்றைய பக்கத்தில் அதை மட்டும் எழுதுங்கள்.

பற்றை வெட்டுவது, எரிப்பது, மலசலகூடத்துக்குக் குழி தோண்டுவது ஆகியவையும் இப்படியே காத்திருக்க வேண்டியவை. காணி பாதுகாப்பானது என்று அறிவிக்கப்படும்வரை, எவ்வளவு அவசரமானாலும் இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

பத்திர வேலைகள் அவசரமாகத் தோன்றமாட்டா. ஆனால் அவைதான் அதிக நாள் எடுப்பவை. முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். அடையாள அட்டையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் தொலைந்திருந்தால், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதிக்கு விண்ணப்பிப்பதே முதற்படி. பிரதேச செயலகத்துக்குப் போகுமுன், அங்கே முடிக்க வேண்டியவற்றை எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். பஸ் காசு மிஞ்சும். போன திகதி, சந்தித்த அலுவலரின் பதவி, அடுத்த முறை கொண்டுவரச் சொன்னவை ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை கொட்டும். அதற்குமுன் ஓர் அறைக்காவது நனையாத கூரை வேண்டும். மதிலும் வெள்ளையடிப்பும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு நாளுக்கு மூன்று வேலைகள் போதும். முடிந்ததை வெட்டிவிடுங்கள், முடியாததை மறுநாளுக்கு மாற்றுங்கள். எழுத வராதவர்கள் படம் கீறலாம், அல்லது பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.

பிள்ளைகளுடன் தனித்திருக்கும் தாய்மார் கூரை வேலையைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. அயலில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, இன்று உங்கள் வளவில், நாளை அவர்கள் வளவில் என்று முறை வைத்துச் செய்யுங்கள். நீங்கள் திருப்பிச் செய்து கொடுக்க வேண்டிய நாட்களையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள்.