ஒரு பழைய கமவீட்டின் கதை: காணி உறுதியை வாசிக்கப் பழகுவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, வீட்டை விட்டுக் கிளம்பும்போது கையில் எடுத்துச் சென்றது காணி உறுதியைத்தான். அதை எடுக்க முடியாமல் போனவர்களும் உண்டு. உறுதி என்பது ஒரு வீட்டின் வரலாறு. அதை வாசிக்கத் தெரிந்தால் நம் உரிமையைப் பாதுகாப்பது இலகுவாகும்.

விளக்கத்துக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்னே முற்றம், பின்னே தோட்டம், மூலையில் துலாக் கிணறு. இது கற்பனை வீடு. ஆனால் இதன் கதை பல வீடுகளின் கதையாகும்.

முதல் உரித்தாளர்

யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை ஆண்டனர். வரி அறவிடுவதற்காகக் காணிகளையும் அவற்றை வைத்திருந்தோரையும் பதிந்தனர். அப்பதிவே தோம்பு. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல் இது. 1707 இல் நம்மவரின் வழக்கங்களும் தேசவழமை என்ற பெயரில் எழுத்தில் தொகுக்கப்பட்டன.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரித்தது. பெற்றோர் வழி வருவது முதுசொம். மகளுக்குக் கலியாணத்தில் கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துத் தேடுவது தேடியதேட்டம். தேடியதேட்டம், வாரிசுரிமை முதலியவற்றுக்கான விதிகள் பிற்காலத்தில், 1911 ஆம் ஆண்டுச் சட்டம் முதலானவற்றால் மாற்றப்பட்டன.

கைமாறிய கதை

நம் உதாரண வீடு பேரனுக்கு முதுசொமாக வந்தது. அவர் அதைத் தன் மகளுக்குச் சீதன உறுதி எழுதிக் கொடுத்தார். மகளின் குடும்பம் கடன்பட்டபோது தோட்டத்தை ஒற்றி வைத்தது. ஒற்றியில் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனை எடுப்பார். காணி அவருக்குச் சொந்தமாகாது. கடனைக் கொடுத்துக் காணியை மீட்கலாம். பிறகு ஒரு பகுதியை விற்க நேர்ந்தபோது, பங்காளர்களுக்கு முதலில் அறிவிக்கவேண்டியிருந்தது. இந்த முன்வாங்கல் உரிமை 1947 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணி விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடவேண்டும். வாய்ப்பேச்சு விற்பனை செல்லாது.

உறுதியில் கவனிக்கவேண்டியவை

1. காணியின் பெயர். வளவு, கலட்டி, புலம், வயல் என்று முடியும் பெயர்கள் அதிகம்.
2. விஸ்தீரணம். 16 பரப்பு ஒரு ஏக்கராகும்.
3. நான்கு எல்லைகள். அயலவரின் பெயர்கள் இங்குதான் வரும்.
4. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். இவை விடுபட்டால் தோட்டம் இருந்தும் தண்ணீர் இராது.
5. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், முந்திய உறுதி பற்றிய குறிப்பு.

உறுதி தொலைந்தால் மனந்தளரவேண்டாம். நொத்தாரிசு ஒரு படியைத் தன்னிடம் வைத்திருப்பார். இன்னொரு படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். இலக்கமும் ஆண்டும் நினைவிருந்தால் அங்கு சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இலக்கம் தெரியாவிடில் காணியின் பெயரும் முன்னைய உரித்தாளரின் பெயரும் தேடுதலுக்கு உதவும்.

பத்து வருடம் என்ற பயம்

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒருவர் 10 வருடம் தடையின்றி, உரித்தாளரின் உரிமையை ஏற்காமல், தனக்கே சொந்தம் என்ற விதத்தில் காணியை ஆண்டால் உரிமை கோரலாம். ஆனால் உங்கள் அனுமதியோடு இருப்பவர், வாடகையோ குத்தகையோ தருபவர் அப்படி இலகுவில் கோரமுடியாது. எனவே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை விட்டிருந்தால் அதை எழுத்தில் வையுங்கள். போரினால் தம் காணிக்குப் போகமுடியாதவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்க விசேட சட்டம் ஒன்று நிறைவேறியது. இன்று உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள்.

குடியேற்றத் திட்டக் காணிகள்

வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பலரிடம் இருப்பது உறுதியல்ல, 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். இவற்றை விரும்பியபடி விற்க முடியாது. உரித்தாளர் உயிரோடிருக்கும்போதே பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பிட்டுப் பதிவது நல்லது. அப்படிச் செய்யாது இறந்தால் பிள்ளைகளிடையே பிணக்கு வரும். இதற்குப் பிரதேச செயலகத்தை அணுகவேண்டும்.

கலந்துரையாடலுக்கு

குடும்பத்தின் மூத்தவரோடு அமர்ந்து, உங்கள் வீடு யார் யார் கையால் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எல்லையில் நின்ற மரம், கிணறு, அயலவர் பெயர் எல்லாவற்றையும் குறித்து ஒரு வரைபடம் கீறுங்கள். அது உறுதியாகிவிடாது. ஆனால் உறுதியைத் தேடவும், எல்லையைக் காட்டவும் உதவும். மூத்தோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.